நரமாமிசம் சமைத்த லோகநாயகி

என் அம்மா லோகநாயகி அம்பத்தூர் எஸ்டேட்டில் பத்தொன்பது வருடம் மெஸ் நடத்தினார். போன மாசியில் இறந்தார். அவரைப் பற்றி ஒன்றை எழுத வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஆடி மாதம். மெஸ்ஸுக்கு அடுத்து மூடிக் கிடந்த ஷெட்டை ஒரு படக் கம்பெனி வாடகைக்கு எடுத்தது. மனிதர்களைக் கொன்று தின்னும் ஒரு குடும்பத்தைப் பற்றிய படம். யூனிட்டுக்கு அம்மாவின் சாப்பாடு.

குடும்பத்தின் தலைவராக நடித்தவர் சிவராமன். ஆவடி குவார்ட்டர்ஸ்காரர், தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர், நாடக நடிகர். வள்ளலார் சங்கத்தில் சேர்ந்து முப்பத்தொரு வருடம் கறியைத் தொடாதவர். வெட்டுகிற காட்சிகளில் பிரமாதமாக நடித்தார். சாப்பிடுகிற காட்சிதான் வரவில்லை. தட்டில் வெளியிலிருந்து வாங்கிய ஆட்டுக்கறி வைத்தார்கள். அவர் வாயருகே கொண்டுபோய் மெல்வது போல் காட்டினார்.

சாம்பார் வாளியோடு போன அம்மா மானிட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இன்னா டைரக்டர் சார், மனுசக் கறி துன்றவரு ஆஸ்பத்திரி கஞ்சி குடிக்கிற மாரி கீறாரு?"

டைரக்டர் திருமுருகனுக்குக் கோபம் வரவில்லை. "நீங்க வேணா ஒண்ணு செஞ்சு குடுங்கம்மா" என்றார்.

அம்மா செய்தார். பலாக்காயை வேகவைத்து நார் நாராகப் பிய்த்து, பீட்ரூட் சாற்றிலும் மிளகாயிலும் ஊறவைத்தார். முள்ளங்கியைச் செதுக்கி விரல். வெங்காயத்தின் உள்தோலில் நகம். மேலே தோல் போல மின்னுவதற்கு ஆர்ட் டிபார்ட்மென்ட் ஒரு ஜெல்லிப் பொடி கொடுத்தது. அதைக் கரைத்து ஊற்றினார்.

சிவராமன் தட்டைப் பார்த்துப் பயந்துவிட்டார். அம்மா கையைக் காட்டினார். மஞ்சள் நூல். வெள்ளானூரில் எங்கள் அம்மன் கோயிலுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்பு அவிழும் வரை எங்கள் வீட்டில் கறி, முட்டை எதுவும் கிடையாது. அந்தப் பத்து நாளும் மெஸ்ஸில்கூட சைவம்தான்.

"காப்புக் கட்டின கையி சார். நான் கறியத் தொடுவனா? காயிதான். நம்பித் துன்னுங்க."

"நீங்க சொன்னாச் சரிம்மா" என்று ஒத்திகையில் ஒரு வாய் விழுங்கினார்.

அன்று பதினொரு மணிக்கு அம்மா எனக்குப் போன் செய்தார். நான் மருந்து கேப்ஸ்யூல் செய்யும் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன்.

"லாவண்யா, லைட்டு சூட்டுல தோலு உருகுது. இன்னா போட்டா நிக்கும்?"

பாக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஜெலட்டின். நான் தினமும் சோதிக்கிற பொருள். முப்பத்தைந்து டிகிரியில் உருகும். மாடு, பன்றியின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. சொன்னேன்.



"அவரு ஒரு வாய் துன்ட்டாரேடி."

"கடல்பாசி வாங்கி மாத்தும்மா. அது சைவம், உருகாது. காலைல நடந்தத விட்டுரு. யாருக்கும் தெரியாது."

"அந்தாளு கறிய நம்பியா துன்னாரு? என் பேச்சத்தானடி துன்னாரு."

வைத்துவிட்டார்.

அன்று மாலையோடு ஷெட் வாடகை முடிகிறது. அந்தக் காட்சி இல்லாமல் படமே இல்லை. கேமரா தயாராக இருந்தது. அம்மா எல்லார் முன்னாலும் போய் நின்று சிவராமனிடம் சொன்னாராம். பொடியில் எலும்பு, தோல் இருந்தது. அது தனக்குத் தெரியாது. ஆனால் பொறுப்பு தன்னுடையது என்று.

சிவராமன் எழுந்து வெளியே போனார். டைரக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். படக் கம்பெனி மேனேஜர் அம்மாவிடம் கத்தினார்: "வாய வெச்சுகினு சும்மா இருந்திருக்கலாம்ல? ஒரு வாய்தான போச்சு!"

"போனது உன் வாய்ல இல்ல நைனா" என்றார் அம்மா. பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தார்.

அரை மணி நேரம் கழித்து சிவராமன் திரும்பி வந்தார். குழாயில் வாய் கொப்பளித்தார்.

"எவ்வளவு நேரம் வேணும்மா?"

"ரெண்டு மணி நேரம் குடுங்க சார். எல்லாத்தையும் புச்சா செய்யறேன். சட்டிகூட வேற."

"சரி. மேனேஜர் சார், அந்தம்மா கூப்பிடுற வரைக்கும் நான் அசைய மாட்டேன். எங்கிட்ட கத்தாதீங்க."

கடல்பாசி எண்பது டிகிரிக்கு மேல்தான் உருகும். விளக்கடியில் தோல் அசையாமல் நின்றது. டைரக்டர் ஒரே டேக்கில் நான்கு நிமிடம் எடுத்தார். சிவராமன் விரலைக் கடித்தார், நகத்தைத் துப்பினார், இன்னொரு தட்டு கேட்டார். வசனத்தில் அது இல்லை.

படம் வெளிவர இரண்டு வருடம் ஆனது. அதற்குள் அம்மா போய்விட்டார். மாரடைப்பு. வயது ஐம்பத்தெட்டு.

முதல் நாள் பகல் காட்சிக்கு சிவராமன் என்னை அழைத்துப் போனார். அந்த நான்கு நிமிடத்தில் பதினொரு பேர் எழுந்து போனார்கள். எண்ணினேன். முன் வரிசையில் ஒருவன், "நெசக் கறி மாமே, சத்தியமா" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான். என் நெஞ்சு நிமிர்ந்தது. அழவும் செய்தேன்.

சிவராமன் என் பக்கம் சாய்ந்தார்.

"அன்னைக்கு அம்மா எங்கிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா? 'எம் பொண்ணு லேப்ல கீறா. அவதான் கண்டுபுடிச்சு, சார்கிட்ட சொல்லிடும்மான்னு சொன்னா'ன்னு. உங்களுக்கு நன்றி சொல்லணும்னு ரெண்டு வருஷமா நெனச்சுக்கிட்டிருக்கேன்."

அம்மா சொன்ன பொய் என்று எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

"நான் அப்படிச் சொல்லல சார். விட்டுருன்னுதான் சொன்னேன். யாருக்கும் தெரியாதுன்னு சொன்னேன். சொல்லணும்னு முடிவு பண்ணது அவங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தலையசைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார்.