சிரட்டைக் கரியில் ஓடிய வண்டி

உலகச் சண்டை முடிந்த பிறகும் பெட்ரோலுக்கு ரேஷன் சீட்டு கொடுத்துக்கொண்டிருந்த காலம். சீட்டு வைத்திருந்தவர்களுக்கே சரியாகக் கிடைக்காது. சீட்டே இல்லாத என் சித்தப்பா ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை, சீமைக்குக் கப்பல் ஏறும்போது விட்டுப்போன பழைய வண்டி அது. பக்கவாட்டில் ஆள் உட்காரத் தொட்டி ஒன்று உண்டு. அதைக் காளை கட்டித்தான் எங்கள் ஊருக்கு இழுத்துவந்தார்கள். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா பேசாமல் இருந்தால் கடுங்கோபத்தில் இருக்கிறார் என்று அர்த்தம்.

சண்டைக் காலத்தில் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குக் கரி பஸ் ஓடியதைச் சித்தப்பா பார்த்திருக்கிறார். பஸ்ஸின் பின்னால் ஆளுயர உருளை இருக்கும். அதில் கரியைப் போட்டு மூட்டினால் வருகிற வாயுவில் இஞ்சின் ஓடும். பஸ்ஸுக்கு மரக்கரி என்றால் தன் வண்டிக்குச் சிரட்டைக் கரி என்று அவர் முடிவுசெய்தார். தேங்காய் உடைக்காத வீடு எங்கள் பக்கம் ஏது? கோட்டாற்றில் ஒரு தகரக்காரரைப் பிடித்து, டிரம் ஒன்றை வெட்டி, அடியில் கம்பி வலையும் மேலே மூடியும் இரண்டு பக்கம் கைப்பிடியும் வைத்தார். அதிலிருந்து இஞ்சினுக்கு ஒரு குழாய். கரித்தூளை வடிகட்ட, குழாயின் நடுவே தேங்காய் நார் அடைத்த டப்பா. மனுஷன் உட்கார வேண்டிய தொட்டியில் அடுப்பு உட்கார்ந்துகொண்டது.

ஊரே சிரித்தது. சிரிக்காதவள் அத்தை ஒருத்திதான். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவள். சின்ன வயதிலேயே தாலியறுத்து எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். சித்தப்பாவை இடுப்பில் வைத்து வளர்த்தது அவள்தான். தம்பிக்காக வீடு வீடாகப் போய்ச் சிரட்டை வாங்கிவந்து, தோட்டத்தில் குழிவெட்டிச் சுட்டுக் கரியாக்கிக் கொடுத்தாள். ஒருநாள் வண்டி ஓடியேவிட்டது. சித்தப்பா வட்டக்கோட்டை வரை போய்த் திரும்பினார். போகும்போது ஓட்டினார், வரும்போது பாதி வழி தள்ளினார். அத்தைக்கு அதுவே போதும். பார்த்தவர்களிடமெல்லாம், நான் சுட்ட கரியில் ஓடுகிற வண்டி என்று பெருமையடித்தாள்.

கரி பஸ்ஸில் வேலை பார்த்த மெக்கானிக் ஒருவர் சித்தப்பாவிடம் ஒன்றைச் சொல்லி அனுப்பியிருந்தார். டிரம்மைத் திறந்த வெளியில்தான் மூட்ட வேண்டும், திறந்த வெளியில்தான் அணைக்க வேண்டும். நாங்கள் பக்கத்தில் போனால் சித்தப்பா விரட்டுவார். ஏன் என்று கேட்டால் தலை சுற்றும் என்பார். அதற்குமேல் அவரும் யாருக்கும் விளக்கவில்லை.

அந்த ஐப்பசியில் எனக்குத் தம்பி பிறந்தான். மழை விடாமல் அடித்தது. பிள்ளை பெற்றவள் மேல் காற்றுப் படக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் பழந்துணி திணித்து, அறைக்குள் கனல்சட்டி வைப்பது வழக்கம். நனைந்த விறகின் கனல் புகைந்தது. பிள்ளை இருமினான். அத்தைக்கு மனசு கேட்கவில்லை. அன்று காலையில் தக்கலைக்குப் போய் நனைந்து திரும்பிய சித்தப்பா, முற்றத்தில் டிரம்மை இறக்கிவைத்துவிட்டு வயலுக்கு மடை பார்க்கப் போயிருந்தார். உள்ளே கரி கனன்றுகொண்டிருந்தது, புகை துளிகூட இல்லை. அத்தை கைப்பிடியில் ஈரச்சாக்கைச் சுற்றி, வேலைக்காரியோடு சேர்ந்து தூக்கிக்கொண்டுபோய் அம்மையின் கட்டிலருகே வைத்து, சூடு நன்றாகப் பரவட்டும் என்று மூடியையும் திறந்துவிட்டாள். பிறகு பேறுகால மருந்து கிண்ட அடுக்களைக்குப் போய்விட்டாள்.

மத்தியானம் பெரியம்மை வந்தாள், அம்மையின் அக்காள். அவளோடு நானும் உள்ளே எட்டிப்பார்த்தேன். தம்பி பிறந்தபோது கறுப்பு என்று எல்லாரும் சொன்னது எனக்குப் பெரிய குறை. இப்போது பார்த்தால் அவன் உதடும் உள்ளங்கையும் செக்கச்செவேலென்று இருந்தன.

“என்ன நெறம் வச்சிருக்கான் பாத்தியா மக்கா,” என்று பெரியம்மை என்னிடம் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மை அசந்து தூங்கினாள். அவள் கன்னமும் சிவந்திருந்தது. பெரியம்மை தனக்குத் தலை வலிப்பதாகச் சொல்லி வெளியே வந்து உட்கார்ந்தாள்.

வயலிலிருந்து வந்த சித்தப்பா முற்றத்தைப் பார்த்தார். டிரம் எங்கே என்று கேட்டார். நான்தான் கைகாட்டினேன். எங்கள் வீட்டில் ஆண்கள் அந்த அறை வாசலைக்கூட மிதிக்க மாட்டார்கள். சித்தப்பா சேற்றுக்காலோடு உள்ளே பாய்ந்தார். ஜன்னலை உதைத்துத் திறந்தார். கனன்ற டிரம்மை வெறுங்கையால் தூக்கிவந்து மழையில் எறிந்தார். தோல் கருகிய நாற்றம் அடித்தது. திரும்ப ஓடி, அம்மையையும் பிள்ளையையும் பாயோடு இழுத்துவந்து கூடத்தில் கிடத்தினார். சித்தப்பாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன்.

அத்தை அலறிக்கொண்டு ஓடிவந்தாள். பச்சை உடம்புக்காரியை இப்படி மழைக்காற்றில் போடுகிறாயே என்று அவரை அடித்தாள்.

“அக்கா, அத ஆரு உள்ள கொண்டு வச்சது?”

“நாந்தான் மக்கா. பிள்ளை இருமினான். புகையில்லாத தீயில்லா அது.”

சித்தப்பா வாயைத் திறந்தார். அத்தையின் முகத்தைப் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

அம்மை சாயங்காலம் கண் விழித்தாள். தம்பி விழிக்கவில்லை. மறுபடி ஒருமுறை அவனைப் பார்க்கவிட்டார்கள். அப்போதும் உதடு சிவப்பாகத்தான் இருந்தது. இவ்வளவு நல்ல நிறத்தோடு ஒரு பிள்ளை எப்படிச் சாக முடியும் என்று எனக்கு விளங்கவே இல்லை.

காரணத்தை அத்தைதான் கண்டுபிடித்தாள். பெரியம்மைக்குப் பிள்ளை இல்லை. வந்தாள், நிறத்தைச் சொன்னாள், பிள்ளை போய்விட்டான். கண்ணு பட்டுவிட்டது. அப்பா தலையாட்டினார். என் அம்மையும், கூடப்பிறந்தவளைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சித்தப்பா மட்டும் தலையாட்டாமல், கையில் வாழைக்குருத்தைச் சுற்றிக்கொண்டு தூணோரம் உட்கார்ந்திருந்தார்.

பல வருஷம் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ் வேலை படித்தபோது, மூடிய அறையில் கரி எரிந்தால் வரும் விஷத்தைப் பற்றிச் சொல்லித்தந்தார்கள். அதற்கு மணம் இல்லை, புகை இல்லை, ஆளைச் சிவக்க வைத்துக் கொல்லும். அதற்குள் பெரியம்மையும் இல்லை, அத்தையும் இல்லை.

தம்பி செத்த அன்று, சாவு வீட்டிலிருந்து பெரியம்மை இறங்கிப் போனபோது வாசல்வரைகூட யாரும் வரவில்லை. சித்தப்பா எழுந்தார். வெந்த கையில் அவளுடைய துணிமூட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, பஸ் நிற்கும் இடம்வரை மழையில் அவள் பின்னாலேயே நடந்தார். என் தம்பியைக் கண்ணு போட்டவளுக்கு மூட்டை தூக்குகிறாரே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதன்பிறகு ரொம்ப நாள் நான் சித்தப்பாவோடு பேசவில்லை.