ஹில்டேவை வழியனுப்பிய நாள்

உகாண்டாவின் கம்பாலாவில் வெளிநாட்டுப் பிள்ளைகள் படிக்கும் எங்கள் பள்ளியில் ஜூன் மாதம் வந்தால் வழியனுப்பு விழாதான். ஆசிரியர்கள் இரண்டு வருட ஒப்பந்தத்தில் வருவார்கள், ஏரியில் படகு விடுவார்கள், காட்டுக்குப் போய்க் கொரில்லா பார்ப்பார்கள், பெட்டி கட்டுவார்கள். அவர்களை அழவைத்து அனுப்புகிற பொறுப்பு நூலகர் ஹில்டேவுடையது. பெல்ஜியத்துக்காரி. போகிறவர் எந்தப் பூனையை வளர்த்தார் என்பது வரைக்கும் விசாரித்து, பேச ஆள் பிடித்து, மரப்பட்டைத் துணியில் பெயர் தைத்துக் கொடுப்பாள். பத்தொன்பது வருடம் சலிக்காமல் செய்தாள்.

நான் நகன்வாகி. அந்தப் பத்தொன்பது வருடமும் பள்ளிச் சமையலறையில் இருந்தேன். எங்களுக்கு விழா கிடையாது. தோட்டக்கார ஒச்சேன் இருபத்திரண்டு வருடம் புல் வெட்டிவிட்டுப் போனபோது, ஹில்டே அவரை வாசலில் நிறுத்திச் சர்க்கரை மூட்டையும் சோப்புக் கட்டிகளும் கொடுத்தாள். மரப்பட்டைத் துணி இல்லையா என்று கேட்டேன். அது ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கு என்றாள். ஒச்சேன் பின்னே எங்கே போனாராம்? குலுவில் இருக்கிற தன் ஊருக்குத்தானே போனார்.

என் மகள் டைபாய்டில் கிடந்தபோது மூன்று நாள் மருத்துவமனையில் என்னோடு உட்கார்ந்திருந்தவளும் இதே ஹில்டேதான். அதைச் சொல்லாமல் விட்டால் என் நாக்கு அழுகிப்போகும்.

இந்த ஜூனில் அவளுக்கே ஒப்பந்தம் முடிந்தது. எடுத்துச் செய்ய ஆள் இல்லாததால் தன் விழாவைத் தானே ஏற்பாடு செய்தாள். பேசத்தான் யாரும் அகப்படவில்லை. இரண்டு வருடம் முடித்தவர்கள் முன்பே கிளம்பிவிட்டதால், அங்கிருந்த ஆசிரியர்களில் மிகப் பழையவர் வந்தே பதினொரு மாதம்தான் ஆகியிருந்தது. தலைமையாசிரியர் அவள் பெயரையே காகிதத்தைப் பார்த்துத்தான் படித்தார். ஹில்டே எழுந்து வந்து, சமோசாத் தட்டோடு நின்ற என் முழங்கையைப் பிடித்தாள்.

"நகன்வாகி, நீ ரெண்டு வார்த்தை பேசேன். என்னைத் தெரிஞ்சவ இங்க நீ ஒருத்திதான்."

ஆங்கிலம் எனக்கு நன்றாகவே வரும். வேண்டுமென்றே லுகாண்டாவில் பேசினேன். அந்த மொழியில் அவள் கற்றது 'நன்றி', 'சீக்கிரம்' என்ற இரண்டே சொற்கள்.

"இந்தம்மா என் புள்ள பக்கத்துல மூணு நாள் உக்காந்துச்சு. சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா இத்தன வருசத்துல ஒரு நாளாச்சும் 'உக்காந்து சாப்பிடு'ன்னு எனக்கு ஒரு நாற்காலி போட்டதில்ல. எங்க ஒச்சேன சோப்புக் கட்டி குடுத்து அனுப்புச்சு. ஊருக்குப் போனா இந்தம்மாவுக்கும் யாருமில்ல, எனக்குத் தெரியும். அழுகையா வருது. அதைவிடக் கோவம் வருது."

சமையலறை ஆட்கள் ஒருவரும் தலை நிமிரவில்லை. வெள்ளைக்காரர்கள் பலமாகக் கைதட்டினார்கள். எல்லோரையும்விட அதிகம் தட்டியவள் ஹில்டே. கண்களைத் துடைத்துக்கொண்டு வந்து என்னை இறுகக் கட்டிக்கொண்டாள்.

"நல்லதாத்தானே சொன்னே?" என்று காதருகே கேட்டாள்.

"ஆமாம்மா," என்றேன்.