சார்ஜன் கழுத்துக்கு ஒரு பட்டை

முதல் லாரியை வாங்கிய காலத்தில் அமலதாஸ் ஒரு சீன முதலாளிக்கு ஒன்பதாயிரம் வெள்ளி கடன்பட்டிருந்தார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், செம்பனைக் குலை ஏற்றி ஏற்றியே அந்தக் கடனைத் தவணை தவறாமல் அடைத்தார். இன்றைக்குக் கூலாய் ஊரில் பத்து ஏக்கர் செம்பனை அவர் பெயரில் நிற்கிறது. அவரைத் தெரியாது என்று ஒருவன் சொன்னால், நேற்றுக் குடிவந்தவனாகத்தான் இருப்பான்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு நாயால் தொல்லை வந்தது.

சார்ஜன் அவர் தோட்டத்துக் காவல் நாய். குலை திருட வந்த இருவரை ஓட ஓட விரட்டிய நாய். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்துக்கே வாலாட்டிக்கொண்டு வரும். ஆனால் பக்கத்து நிலத்து அர்ச்சுனனின் ஆடுகளைக் கண்டால் அதற்குப் பித்துப் பிடித்துவிடும். போன வாரம் அது துரத்தியதில் சினை ஆடு ஒன்று கால்வாயில் விழுந்து செத்தது.

"என் நாய் கடிக்கல. ஆடு தானா விழுந்துச்சு. நான் பொறுப்பில்ல" என்று அமலதாஸ் சொல்லிவிட்டார்.

அர்ச்சுனன் சத்தம் போடவில்லை. "சரிண்ணே. இன்னொரு தடவ தொரத்தட்டும், நகராண்மைக்குப் போன் போட்டு நாய் புடிக்கிறவங்கள வரச் சொல்றேன். புடிச்சிட்டுப் போனா திரும்பி வராது, தெரியும்ல?"

சார்ஜனைக் கட்டிப்போட்டால் சங்கிலியை இழுத்துக் கழுத்தைப் புண்ணாக்கிக்கொண்டது. புண் ஆறியதும் டவுனில் உள்ள பிராணிகள் கடைக்குப் போனார். கடையில் இருந்த லோஷினி என்ற பெண் மூன்று கழுத்துப் பட்டைகளை எடுத்து வைத்தாள்.

"இது சத்தம் மட்டும் போடும் அங்கிள். இது அதிரும். இதுல கரண்டும் இருக்கு, நூறு வரைக்கும் ஏத்தலாம். ரிமோட் நம்ம கையில."

"நூறு உள்ளதையே குடும்மா. சின்னதா வாங்கிப் பழக்கமில்ல."

"இது பிரம்பு இல்ல அங்கிள். மொதல்ல சும்மா கட்டிப் பழக்குங்க. அப்புறம் ஒண்ணுலேருந்து மெதுவா ஏத்துங்க. காது லேசா அசைஞ்சா அதோட நிறுத்திருங்க. நெறைய நாய்க்குப் பத்துக்குள்ளயே தெரிஞ்சிரும்."

"பத்தா? கொண்டா, என் கையில வச்சிப் பாப்போம்."

பட்டையின் இரண்டு உலோக முனைகளையும் உள்ளங்கையில் அழுத்திக்கொண்டார். பத்தில் ஒன்றுமில்லை. இருபதிலும் இல்லை. அறுபதில்தான் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது.

"பாத்தியா? இதுக்குக் கோழிக்குஞ்சுகூட பயப்படாது."

"உள்ளங்கையில வச்சா எப்படி அங்கிள் தெரியும்..."

"யானைய வெரட்டுற கரண்டு வேலியில கை வச்சவன்மா நான்!"

குலை அறுக்கும் அரிவாள் கம்பு பிடித்துக் காய்த்துப்போன கை அது. அந்தக் காய்ப்பைக் காட்டித்தான் ஊரில் பெருமை பேசுவார். அன்று அதுவே அவரை ஏமாற்றியது, அவருக்குத் தெரியவில்லை.

அன்று மாலையே பட்டையைக் கட்டி, அறுபதில் வைத்தார். ஆடுகள் எல்லையோரம் வந்தன. சார்ஜன் பாய்ந்தது. அமலதாஸ் பொத்தானை அழுத்தினார்.

அப்படி ஓர் அலறலை அவர் எந்த நாயிடமும் கேட்டதில்லை. சார்ஜன் சுருண்டு விழுந்தது, தன் கழுத்தையே கடிக்கப் பார்த்தது, பிறகு ஓடிப்போய் லாரிக்கு அடியில் புகுந்துகொண்டது. அவர் குனிந்து கை நீட்டியதும் நடுங்கி, இருந்த இடத்திலேயே மூத்திரம் விட்டது.

அலறல் கேட்டு ஓடி வந்த அர்ச்சுனன்தான் தரையில் படுத்து, மெல்லப் பேசிப் பேசி, பட்டையைக் கழற்றினான்.

"என்னண்ணே இது? சாகடிக்கவா பாத்தீங்க?"

அமலதாஸ் பட்டையை வாங்கினார். முனைகளைத் தன் கழுத்தில் வைத்து, பொத்தானை அழுத்தினார். பல் கிட்டித்துக்கொண்டது. பட்டை கையிலிருந்து நழுவி விழுந்தது. லாரியின் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு அர்ச்சுனன் பக்கம் திரும்பினார்.

"அந்தச் சினை ஆடு... என்ன வெல போகும்?"

"நான் காசு கேக்கலண்ணே."

"கேக்கல, தெரியும். வெலயச் சொல்லு."

"எண்ணூறு."

வீட்டுக்குள் போய்ப் பணத்தோடு வந்தார். "தொரத்துனது என் நாய்தான். ஆடு செத்தது அதனாலதான். எல்லை முழுக்க வேலி போட்டுடுறேன். போன் மட்டும் போடாத, தம்பி."

தம்பி என்று அவர் அவனை அழைத்தது அதுவே முதல் தடவை.

"வேலியில கரண்டு வேணாம்ணே" என்றான் அர்ச்சுனன்.

லாரிக்கு அடியில் சார்ஜன் இன்னும் வெளியே வரவில்லை. "கைய நீட்டு" என்றார் அமலதாஸ். அர்ச்சுனன் நீட்டினான். விரித்த அந்த உள்ளங்கையில், ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைத்தார்.