ஏழு நாள் திறக்கக் கூடாத டப்பா

என் அண்ணிக்கு ரோஜா என்றால் உயிர் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். ஒரு பூவை அவர் ஆசையாக முகர்ந்துகூட நான் பார்த்ததில்லை. அவருக்கு அது தொழில். பிறர் பத்திரப்படுத்த நினைக்கும் ரோஜாவை நிறம் போகாமல், இதழ் சுருங்காமல் காய வைத்துத் தருவார்.

பாதி விரிந்த பூவாக இருக்க வேண்டும். துளி ஈரம் இருந்தாலும் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் நீல மணிகளை டப்பாவில் பரப்பி, பூவை நிறுத்தி, அதே மணிகளை ஸ்பூனால் இதழ் இடுக்கெல்லாம் தூவி நிரப்ப வேண்டும். பிறகு மூடி, டேப், மேலே இரண்டு கிலோ எடைக்கல். ஏழு நாள் இருட்டறை. நடுவில் திறந்துவிட்டு, உடனே காய்ந்த மணி போட்டு மூடாவிட்டால் பூ கறுத்துவிடும். ஈரம் குடித்த மணி இளஞ்சிவப்பாகும். வாணலியில் வறுத்தால் மறுபடி நீலமாகும்.

என் அண்ணனுக்கும் இதெல்லாம் அத்துப்படி. அதுதான் வினை. குடித்துவிட்டு வந்தால் அண்ணியின் முடியைப் பிடித்துச் சுவரில் மோதுவான். அதற்கெல்லாம் அண்ணி வாய் திறக்கவில்லை என்று தெரிந்ததும் டப்பாக்களைத் திறக்க ஆரம்பித்தான். கூடப்பிறந்தவனை அவன் இவன் என்கிறேனே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். என் முன்பல் ஒன்று இல்லாததும் அவன் கைங்கரியம்தான்.

பக்கத்துத் தெருத் தையல்காரம்மா ஒரே ஒரு சிவப்பு ரோஜாவோடு வந்தார். அவர் மகள் காலையில் வாங்கி டம்ளரில் வைத்துவிட்டு வேலைக்குப் போனவள். லாரியில் அடிபட்டுச் செத்தாள்.

"இது போச்சுன்னா வேற இல்லம்மா."

"போகாது," என்றார் அண்ணி. யாருக்கும் அவர் அப்படி வாக்குக் கொடுத்து நான் கேட்டதில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் அண்ணன் இருட்டறைக் கதவை உதைத்துத் திறந்தான். டப்பாக்களை ஒவ்வொன்றாகச் சுவரில் அடித்தான். உருண்ட மணிகளின் மேல் வாளித் தண்ணீரைக் கவிழ்த்தான். தடுக்கப் போன என் வயிற்றில் மிதித்தான். அண்ணி தையல்காரம்மாவின் டப்பாவை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூலையில் நின்றார். அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து வளைத்தான். சுண்டுவிரல் முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. டப்பாவைப் பிடுங்கி மேஜையில் வைத்து மூடியைப் பிய்த்தான்.

"கசக்கட்டுமாடி?" என்று சிரித்தான்.

அண்ணி எடைக்கல்லை எடுத்து அடித்தார். ஒரே அடி, காதுக்கு மேலே. ரத்தம் டப்பாவுக்குள்ளும் தெறித்தது.

அவன் தரையில் கிடந்தபடி எங்களைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். நான் போனை எடுத்தேன். அண்ணி டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரத்தமும் ஈரந்தான். இத எடுத்துட்டுக் காஞ்சது போடணும்," என்றார். காய்ந்த மணி ஒன்றுகூட மிச்சமில்லை.

"அண்ணி, அண்ணன்..."

"திட்டுறார்ல? திட்டட்டும்."

போனை வைத்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. தரையில் அள்ளிய மணிகளை நீலம் திரும்பும்வரை வறுத்தேன். சூட்டோடு போட்டால் இதழ் வெந்துவிடும், மூடிவைத்து ஆறவிட்டேன். அண்ணி முறிந்த விரலோடு ரத்த மணிகளை எடுத்துவிட்டு, ஆறியதைத் தூவி, டேப் ஒட்டினார். அதற்குள் திட்டு நின்றிருந்தது. அப்போதுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தோம்.

"அரை மணி முன்னாடி கொண்டு வந்திருந்தா பேச்சு போயிருக்காது," என்றார் டாக்டர். "ஏன் லேட்டு?"

"நான்தான் லேட் பண்ணேன்," என்றார் அண்ணி. போலீஸிலும் அதையே சொன்னார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. அண்ணி இப்போது ஜெயிலில் இருக்கிறார்.

புது மணி போட்ட ஏழாம் நாள் டப்பாவை நான்தான் திறந்தேன். சிவப்பு அப்படியே இருந்தது. ஓர் இதழ் உதிரவில்லை. தையல்காரம்மா அதை வாங்கிக்கொண்டு, "உங்க அண்ணி கைராசி," என்று அழுதார்.

அண்ணன் கட்டிலோடு கிடக்கிறான். வாய் அசைகிறது, சொல் வருவதில்லை. சாப்பாடு ஊட்டுவது நான். அன்றைக்கு வாணலியில் மணிகள் வறுபட்ட சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் அவன் கிடந்தான். ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோகும்போதெல்லாம் என் கையையே பார்க்கிறான்.