இருபத்துநான்கில் நிறுத்தியவர்

ஆஸ்பத்திரியின் பராமரிப்புப் பிரிவில் அவருக்கு ‘இன்னொருசுத்து’ என்று பெயர். இருபத்தாறு வருடமாக அங்கே குழாய் ஃபிட்டர். ஒரு நட்டை இறுக்கி முடித்த பிறகும் ஒரு கணம் அதையே முறைத்துப் பார்ப்பார். “எதுக்கும் இன்னொரு சுத்து” என்பார். சுற்றுவார். அவர் கை வைத்த குழாய் சொட்டுகிறது என்று ஒரு புகாரும் வந்ததில்லை. திறக்க முடியவில்லை என்றுதான் வந்தன. அப்படியொரு புகாரோடு வந்த குழந்தைகள் வார்டு நர்ஸைத்தான் அவர் கல்யாணம் செய்துகொண்டார். போய்க் குழாயைத் திறந்துவிட்டதைத் தவிரக் காதல் என்று சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடில்லை.

வீட்டில் பத்து வயதான ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அதை மெக்கானிக்கிடம் விடுவதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்தார். ஆயில் மாற்றுவதெல்லாம் அவரேதான். என்ஜினுக்கு அடியில் ஒரு போல்ட். அதைக் கழற்றினால் பழைய ஆயில் வடியும். திரும்ப மாட்டும்போது ஒவ்வொரு தடவையும் அந்த இன்னொரு சுற்று நடந்தது. போல்ட் இரும்பு, என்ஜின் அலுமினியம். யார் முதலில் விட்டுக்கொடுப்பார்கள் என்பது தெரிந்த விஷயம்தான்.

ஒருநாள் காலை இருவரும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது பின்னால் இருந்த மனைவி, “ஏங்க, கால்ல ஏதோ சூடா தெறிக்குது” என்றாள்.

“வெயிலா இருக்கும்.”

“வெயில் கறுப்பா இருக்குமா?”

அவர் வண்டியை நிறுத்தினார். போல்ட்டைக் காணோம். வந்த வழியெல்லாம் யாரோ கோடு கிழித்ததுபோல ஆயில். மனைவியின் வெள்ளை ஷூக்களில் ஒன்று மட்டும் வெள்ளையாக இருந்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் மெக்கானிக்கிடம் விட்டார்கள். மெக்கானிக் குனிந்து, விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்.

“அண்ணே, மரை மொத்தமா போச்சு.”

“யாருக்கு?” என்றாள் மனைவி.

“வண்டிக்கு” என்றார் மெக்கானிக். எச்சரிக்கையான மனிதர்.

புது மரை வைத்துக் கொடுத்த பிறகு அவர் சொன்னார்: “இதுவும் பிய்ஞ்சா அடிப்பாகத்தையே மாத்தணும்ணே. இனிமே கைக்கணக்கு வேணாம். டார்க் ரெஞ்ச்னு ஒண்ணு இருக்கு. எவ்வளவு இறுக்குறோம்னு காட்டும். வாங்கிக்குங்க. இல்லேன்னா வண்டிய எங்கிட்டயே கொண்டாந்துடுங்க.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவரைக் கடைக்கு அனுப்பியது. மனைவியும் கூடப் போனாள்.

கருவிக் கடையை நடத்தியவர் ஒரு பெண்மணி. மூக்குக் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்திருந்தார். மூன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். முதலாவதன் விலையைக் கேட்டதும் இன்னொருசுத்து அதிலிருந்து கையை எடுத்துவிட்டார். இரண்டாவது சிவப்புப் பெட்டிக்குள் மெத்தைமேல் படுத்திருந்தது. முழங்கை நீளம், நல்ல கனம். வேண்டிய அளவை வைத்துவிட்டு இறுக்கினால் அந்த இடம் வந்ததும் ‘டக்’ என்று சொல்லும். விலையும் கட்டுப்படியாகும். மூன்றாவதற்குப் பெட்டியே இல்லை. ஒரு கம்பி, ஒரு பிடி, நுனியில் ஒரு முள், முள்ளுக்குக் கீழே எண்கள். பார்த்தால் யாரோ பாதியில் விட்டுப்போன வேலை மாதிரி இருந்தது.

அவர் சிவப்புப் பெட்டியை மூடி, கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். ஆள் ஏற்கெனவே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார் என்று மனைவிக்குப் புரிந்தது.

“நம்ம போல்ட்டுக்கு எவ்வளவு இறுக்கணும்?” என்று கேட்டாள்.

“வண்டிப் புத்தகத்துல இருபத்துநாலு நியூட்டன் மீட்டர்னு போட்டிருக்கு.”

அவள் பெட்டியை வாங்கித் திறந்து எண்களைப் படித்தாள். “இது இருபத்தெட்டுலதான் ஆரம்பிக்குது. இருநூத்திப்பத்து வரைக்கும் போகுது.”

“நாலுதானே வித்தியாசம். கொஞ்சம் முன்னாடியே நிறுத்திட்டா போச்சு.”

“நீங்களா? முன்னாடியேவா?”

அவர் பெட்டிக்கு மறுபடி கை நீட்டினார்.

“குழந்தைக்கு ரெண்டு மில்லி மருந்து குடுக்கணும்னா அம்பது மில்லி சிரிஞ்ச்ல இழுப்பேனா நான்?” என்றாள். “சின்ன அளவுக்குச் சின்னதுதான் வேணும்.”

கடைக்காரம்மா கண்ணாடியைக் கீழே இறக்கி முதல் தடவையாக அவளைச் சரியாகப் பார்த்தார். “அந்த முள் வச்சது பூஜ்யத்துலேர்ந்து நூறு வரைக்கும். சத்தம் போடாது. முள்ளைப் பாத்துக்கிட்டே இறுக்கணும், அவ்வளவுதான். உள்ள ஸ்பிரிங்கு, கிஸ்பிரிங்கு ஒண்ணும் கிடையாது, கெட்டுப்போக. விலையும் அதுல பாதி.”

“சரியா காட்டுமா?” என்றார் அவர். நம்பிக்கையில்லாத குரல்.

“ஒரு போல்ட்டை வைஸ்ல இறுக்கிப் பிடிச்சு, இதைப் படுக்கையா மாட்டுங்க. தலையிலேர்ந்து நாற்பது சென்டிமீட்டர் தள்ளி அஞ்சு லிட்டர் தண்ணிக் கேனைத் தொங்க விடுங்க. முள் இருபதுகிட்ட நிக்கணும். நிக்கலேன்னா கொண்டாந்து குடுத்துடுங்க.”

வீட்டுக்கு வந்ததும் அவர் மேஜையில் பூட்டியிருந்த இரும்புக் கிடுக்கியான வைஸில் ஒரு இரும்புக் கட்டையைப் பிடித்து அதில் போல்ட்டை மாட்டினார். முதலில் தன் கையைச் சோதிக்க விரும்பினார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, “லேசா வைக்கிறேன், படி” என்று இறுக்கினார்.

“ஐம்பத்திரெண்டு” என்றாள் மனைவி.

“முள் பொய் சொல்லுது.”

அவள் உள்ளே போய்த் தண்ணீர்க் கேனை நிரப்பிக்கொண்டு வந்தாள். டேப் வைத்து நாற்பது அளந்து தொங்கவிட்டாள். முள் நகர்ந்தது. இருபதைத் தொட்டு, மயிரிழை தாண்டி, நின்றது. கேன் லேசாக ஆடியது. இருவரும் அது ஆடி ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்தாறு வருடத்தில் அவர் கையை யாரும் இப்படித் திருத்தியதில்லை. அதுவும் ஒரு தண்ணீர்க் கேன்.

பிறகு வண்டிக்கு அடியில் படுத்தார். மனைவி தரையில் கன்னம் படக் குனிந்து முள்ளைப் படித்தாள். “பத்து. பதினெட்டு. இருபத்திரெண்டு. இருபத்துநாலு. நிறுத்துங்க.”

அவர் நிறுத்தினார். அவருக்கு அது இறுக்கமாகவே தெரியவில்லை. சும்மா செருகி வைத்ததுபோலிருந்தது. கை அங்கேயே நின்றது.

“வெளிய வாங்க” என்றாள்.

வந்தார். அன்றிரவு வண்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்தார். காலையில் அதை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார். ஐந்து நாள் அப்படி. ஒரு பொட்டு ஆயில் இல்லை. ஆறாவது நாள் மனைவி செய்தித்தாளைக் கொடுக்க மறுத்துவிட்டாள், இன்னும் படிக்கவில்லை என்று.

அடுத்த விடுமுறை நாளில் அவராகவே புத்தகத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார். “ஒவ்வொண்ணா படி. எல்லாத்தையும் பாத்துடலாம்.”

அவள் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து எண்ணைச் சொல்ல, அவர் ஒவ்வொரு போல்ட்டிலும் மாட்டி அந்த எண்வரை இழுத்துப் பார்த்தார். பதினேழு போல்ட்டுகளில் முள் எண்ணைத் தொட்டது, போல்ட் அசையவே இல்லை. எல்லாமே தேவைக்கு மேல் இறுக்கம். அவரைத் தெரிந்தவர்கள் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

மிச்சமிருந்தவை முன் பிரேக்கைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகள். ரெஞ்சை மாட்டி விரலால் தள்ளினார். முள் கிளம்புவதற்கு முன்பே போல்ட் சுற்றியது. அடுத்ததும் அப்படியே. இடுக்கான இடம், போன தடவை இடக்கையால் எட்டி இறுக்கிவிட்டு, சரியாக இருக்கிறது என்று முடிவு செய்திருந்தார்.

“என்னாச்சு?” என்றாள் மனைவி.

“இது ரெண்டும் லூஸா இருக்கு.”

தினமும் அவர் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போகிறவள் புத்தகத்தில் எண்ணைத் தேடினாள். “முப்பது” என்றாள்.

அவர் முப்பது வரை இறுக்கினார், இரண்டையும். பிறகு எழுந்துபோய்க் கையைக் கழுவினார். வழக்கத்தைவிட நெடுநேரம் கழுவினார்.