அப்பாவின் துப்பாக்கியை வாங்கிக்கொள்ள ஆளில்லை

அப்பாவின் காரியம் முடிந்த மறுநாளே நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். எண்பதுகளின் தொடக்கம். டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் நான், அம்மா, அப்பாவின் இரட்டைக் குழல் துப்பாக்கி. தம்பி செங்கம் ரோட்டில் எங்கள் நிலத்திலேயே வீடு கட்டிக்கொண்டு பயிர் செய்துவந்தான்.

அந்த நிலத்துக்காகத்தான் எழுபதுகளில் அப்பா லைசென்ஸ் வாங்கினார். மல்லாட்டைக் கடலை போட்டால் மலையிலிருந்து காட்டுப்பன்றி இறங்கும். வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டால் ஒரு வாரத்துக்கு அந்தப் பக்கம் வராது. வீட்டுக்குள் வரும்போது துப்பாக்கியில் தோட்டா இருக்காது. துப்பாக்கி அலமாரியில், தோட்டா அம்மாவின் டிரங்குப் பெட்டியில். இரண்டையும் ஒரே இடத்தில் அவர் வைத்ததே இல்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் போய் வாங்கிவருவார். “நான் போய்ட்டா மொத வேலையா இத ஸ்டேஷன்ல குடுத்துடு. லைசென்ஸ் என் பேர்லதான். வீட்டுக்கு இல்ல” என்று என்னிடம் பலமுறை சொல்லியிருந்தார்.

ஸ்டேஷனில் ரைட்டர் நான் சொன்னதை முழுதாகக் கேட்டார்.

“துப்பாக்கி எங்கம்மா?”

“வீட்ல இருக்குதுங்க.”

“லைசென்ஸ் இல்லாதவங்க வீட்ல துப்பாக்கி இருந்தா கேஸ் ஆயிடும், தெரியுமில்ல?”

“அதனாலதாங்க வந்தேன். நாளைக்குக் கொண்டுவந்து குடுத்துடறேன்.”

“நீங்க எப்படி எடுத்துட்டு வருவீங்க? லைசென்ஸ் இல்லாம ரோட்ல தூக்கிட்டு வந்தா அதுவும் கேஸ்தான்.”

“அப்போ நீங்களே ஆள் அனுப்பி எடுத்துக்குங்க.”

“அதுக்கு வேலூர்லேருந்து ஆர்டர் வரணும்.”

அப்போது எங்களுக்கு ஜில்லா ஆபீஸ் வேலூரில்தான். அரைநாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். அங்கே இருந்த கிளார்க் என் மனுவைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இறப்பு சர்டிபிகேட் இருக்கிறது, வாரிசு சர்டிபிகேட் இல்லை. அதைவிட முக்கியமாக, துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்த ரசீது இல்லை.

“ஸ்டேஷன்ல உங்க ஆர்டர் கேக்கறாங்க சார்.”

“ரசீது இல்லாம ஃபைல் நகராதும்மா.”

வாரிசு சர்டிபிகேட்டுக்குத் தாலுகா ஆபீசில் ஒன்றரை மாதம் நடந்தேன். அதற்குள் ஸ்டேஷனுக்கு மூன்று தடவை, வேலூருக்கு இன்னொரு தடவை. ஹெட்மிஸ்ட்ரஸ் என் லீவு லெட்டரைப் பார்த்து, “துப்பாக்கி விஷயமா வேலூர் பயணம்னு எழுதாதீங்க டீச்சர், சொந்த வேலைன்னு போடுங்க” என்றார். நான் சிரிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி சைக்கிளில் வந்தான். சட்டை தோளில் கிழிந்திருந்தது. காதோரம் ரத்தம் காய்ந்திருந்தது. வரப்புத் தகராறில் பக்கத்து நிலத்துக்காரர் மகன், அறுப்புக்கு வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் மண்வெட்டிக் காம்பால் அடித்துவிட்டான். தம்பி உட்காரவில்லை.

“அலமாரி சாவியக் குடுமா.”

“எதுக்குடா?” என்றாள் அம்மா.

“குடுன்னா குடு. சுட மாட்டேன். காட்டிட்டு வந்துடறேன்.”

நான் அலமாரி இருந்த அறையின் வாசலில் போய் நின்றேன். என்னைத் தள்ளிவிட்டுப் போக அவனுக்கு ஒரு கை போதும். இருந்தும் அவன் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றான். அம்மா உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு கொல்லைக் கதவு. பிறகு கிணற்றில் ஏதோ அடுத்தடுத்து விழுந்த சத்தம். திரும்பி வந்து சாவியை அவன் கையில் வைத்தாள்.

“எடுத்துட்டுப் போ. தோட்டா இல்ல.”

தம்பி சாவியைப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். அப்பா போனதற்குக்கூட அவன் அப்படி அழவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ஸ்டேஷனுக்குப் போனேன். நடக்கவிருந்ததை ரைட்டரிடம் சொன்னேன்.

“அப்படி ஏதாவது நடந்தா வந்து கம்ப்ளைண்ட் குடுங்க” என்றார்.

  அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். இன்ஸ்பெக்டரைப் பார்க்காமல் போக மாட்டேன் என்றேன். அவர் பந்தோபஸ்து முடிந்து வர மூன்று மணியாயிற்று. ஊருக்குப் புதிதாக வந்தவர். என் மனுவை இரண்டு நிமிஷத்தில் படித்துவிட்டு, “இத வாங்கறதுக்கு எதுக்குய்யா ஆர்டர்? ஒரு ஆள அனுப்பி எடுத்துட்டு வாங்க, ரசீது போட்டுக் குடுங்க” என்றார். இரண்டு மாதமாக யாராலும் முடியாத காரியம் அவ்வளவுதான்.

ஆனால் கான்ஸ்டபிள் துப்பாக்கியை எடுத்துவந்து ரசீது போடும்போது பார்த்தால், லைசென்ஸ் புத்தகத்தில் தோட்டாவும் பதிவாகியிருந்தது. மீதி பதினொன்று. “தோட்டா எங்க?” என்றார் ரைட்டர்.

“அம்மா கிணத்துல போட்டுட்டாங்க.”

“அப்படியெல்லாம் எழுத முடியாதும்மா. எடுத்துட்டு வாங்க.”

நல்லவேளை, கோடை. கிணற்றில் இடுப்பளவு தண்ணீர்தான். தம்பிதான் கயிறு கட்டி இறங்கினான். காலால் சேற்றைத் துழாவி, மூழ்கி மூழ்கி ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் போட்டான். நான் மேலே நின்று எண்ணினேன். எங்களோடு வந்திருந்த கான்ஸ்டபிளும் எண்ணினார். சாயந்திரம்வரை தேடியும் பத்துதான் கிடைத்தது.

அந்த ஒரு தோட்டாவுக்காக மூன்று முறை விளக்கம் எழுதினேன். “சேற்றில் புதைந்திருக்கலாம்” என்று எழுதியதை ரைட்டர் அடித்துவிட்டு, “காணவில்லை” என்று எழுதச் சொன்னார். காணவில்லை என்று எழுதியதும், “காணலேன்னா யார் எடுத்தாங்க?” என்று கேட்டார். கடைசியில் இன்ஸ்பெக்டரே வந்து ரசீதில் கையெழுத்துப் போட்டு அதை என்னிடம் தள்ளினார்.

ரசீதை எடுத்துக்கொண்டு மூன்றாம் முறையாக வேலூர் போனேன். பழைய கிளார்க் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“லைசென்ஸ்காரர் ஏன் நேர்ல வரலை?”

“அவர் செத்துட்டாருங்க. அதுக்காகத்தான் இவ்வளவும்.”

“ஓ” என்றார். ரசீதை ஒரு கட்டுக்குள் செருகி நாடாவால் கட்டினார். இதற்கு ஒரு அத்தாட்சி தருவீர்களா என்று கேட்டேன். தபாலில் வரும் என்றார். எதுவும் வரவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: “முடிஞ்சுதா?”

“முடிஞ்சிருக்கும்னு நெனைக்கிறேன்” என்றேன்.