ஐந்து யார்டு தண்டனை

போன வருடம் செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கனடாவின் மொன்ட்ரியால் நகரில், பியர்ஃபொன்ட்ஸ் பகுதிப் பூங்கா ஒன்றில் நடந்தது இது. தமிழ்நாட்டிலிருந்து மேற்படிப்புக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத நான், கழுத்தில் விசிலும், குற்றம் கண்டால் எறிவதற்கு இடுப்பில் மஞ்சள் துணியுமாக மைதானத்தின் நடுவே நின்றேன். நம் ஆட்கள் தங்களுக்குள் நடத்திய அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டிக்கு நான்தான் நடுவர்!

அதற்கு முன் அந்த ஆட்டத்தை நான் முழுதாகப் பார்த்ததுகூட இல்லை. "நீதான் எதையும் படிச்சே பாஸ் பண்ணுவியேடா" என்று என்னை இழுத்துவிட்டவர் என் கல்லூரி சீனியர். ஐ.டி. பையன்கள் அணிக்கு அவர் கேப்டன். எதிரணி யாழ்ப்பாணத்துக்காரர்கள், அவர்களுக்கு பஸ் ஓட்டும் அண்ணன் ஒருவர் கேப்டன்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் நான் வாசித்துச் சொல்வதுதான் முடிவு. அந்தத் தெம்பில், விதிப்புத்தகத்தில் இருந்த தண்டனைப் பட்டியலை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்துவிட்டேன். பட்டியலுக்குக் கீழே இருந்த பத்தியைத்தான் படிக்கவில்லை. பரீட்சைக்குப் பட்டியல்தானே வரும்!

கடைசி நிமிடம். யாழ்ப்பாண அணி நான்கு புள்ளி பின்தங்கியிருந்தது. பந்து கிளம்பும் முன்பே சீனியர் அணிக்காரர் ஒருவர் கோட்டைத் தாண்டிவிட்டார். குற்றம்! மஞ்சள் துணியை எறிந்தேன். ஆட்டம் நிற்கவில்லை. அண்ணன் எறிந்த நீளப் பந்தை அவர் அணிப் பெண் ஒருத்தி எல்லைக்குள் பாய்ந்து பிடித்தாள். டச்டவுன், ஆறு புள்ளி. அவர்கள் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருக்கும்போதே விசில் ஊதினேன். சீனியர் அணிக்கு ஐந்து யார்டு தண்டனை; பந்தை அவர்கள் எல்லைப் பக்கம் அவ்வளவு தூரம் நகர்த்தி வைப்பார்கள். பிடித்த பந்து செல்லாது. மறுபடி ஆட வேண்டும் என்றேன்.

அண்ணன் திகைத்துப் போனார். "தம்பி, பிழை விட்டது அவையள். பேந்து ஏன் எங்கட டச்டவுனைப் பறிக்கிறீர்? அந்த அஞ்சு யார்டு எங்களுக்கு வேண்டாமப்பா!"

"புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது அண்ணா" என்றேன். புத்தகம் என்றதும் பாவம், அடங்கிவிட்டார். மறுபடி ஆடினார்கள். பந்து தரையில் விழுந்தது. கோப்பை சீனியர் அணிக்குப் போனது.

சீனியர் அணி கோப்பையோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது சும்மா புத்தகத்தைப் புரட்டினேன். பட்டியலுக்குக் கீழே அந்தப் பத்தி. பாதிக்கப்பட்ட அணி விரும்பினால் தண்டனையை வேண்டாம் என்று சொல்லி, ஆட்டத்தில் கிடைத்ததை வைத்துக்கொள்ளலாம்; நடுவர் அவர்களிடம் கேட்க வேண்டும். நான் கேட்கவே இல்லை.

சீனியரிடம் மெதுவாகக் காட்டினேன். "டேய், மூடி வைடா. யாரு இதைப் போய்ப் படிக்கப் போறா?" என்றார். உண்மைதான், யாரும் படித்திருக்க மாட்டார்கள். அதுதான் என்னை உறுத்தியது. அந்த அண்ணன் என்னை நம்பித்தானே அடங்கினார்?

நடு மைதானத்துக்குப் போய் விசில் ஊதினேன். எல்லோரும் திரும்பினார்கள். "தப்பு என்னுடையது" என்று சொல்லி அந்தப் பத்தியை உரக்கப் படித்தேன். பிறகு அண்ணனைப் பார்த்து, "அப்போதே கேட்டிருக்க வேண்டும். உங்களுக்குத் தண்டனை வேண்டுமா, டச்டவுன் வேண்டுமா?" என்றேன்.

"அரை மணித்தியாலமா அதைத்தானேடாப்பா கேட்டுக்கொண்டு நிக்கிறன்!"

மைதானமே சிரித்தது. சீனியரும் சிரித்துவிட்டார். "எடுத்துக்கோங்கண்ணே, போட்டோ மட்டும் எங்களுக்கு" என்று அவரே கோப்பையை நீட்டினார். என்னிடம் மட்டும் இரண்டு நாள் பேசவில்லை.

நியாயம் வழங்கக் கிளம்பும்போதெல்லாம், நஷ்டப்பட்டவரிடம் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று முதலில் கேட்க வேண்டும் என்பதை அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குச் சொல்லித் தந்தது.